அப்பாவுக்கு நோய், வீட்டில் எதிர்ப்பு: விசுவாசத்தை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று கேட்ட சகோதரிக்கு

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம், வயது 26, புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். மூன்று வருஷமாக ஜெபக்கூட்டத்துக்குப் போகிறீர்கள், வீட்டுக்குத் தெரியாது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. அவரைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தபோது உங்கள் பையில் இருந்த வேதாகமத்தை அம்மா பார்த்துவிட்டார். "நீ சாமி மாறினதுதான் உங்கப்பனை இப்படிப் படுக்கப் போட்டிருச்சு" என்கிறார் சித்தி. ஜெபக்கூட்டம் நடத்துகிறவரோ, உன் விசுவாசம் இன்னும் பலப்பட்டால் அப்பா எழுந்து நடப்பார் என்கிறார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றச் சொல்கிறார் அம்மா. இந்த எதிர்ப்பில் விசுவாசத்தை விடாமல் பிடித்துக்கொள்வது எப்படி, வீட்டை விட்டு வந்துவிடலாமா, ஞானஸ்நானம் எடுத்தால் பட்டியல் சாதிச் சான்றிதழ் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ, இதற்கெல்லாம் அடியில் வேறு இரண்டு கேள்விகள் கிடப்பதாகத் தோன்றுகிறது. அப்பாவின் நோய்க்கு நான்தான் காரணமா என்பது ஒன்று. அம்மாவோடு ஒட்டி இருந்தால் கிறிஸ்துவை மறுதலித்ததாக ஆகுமா என்பது இன்னொன்று. அந்த இரண்டுக்கும் பதில் சொல்லாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

நான் கடலூர் வட்டாரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் லுத்தரன் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன். இறையியல் படித்தவன், வக்கீல் இல்லை, டாக்டரும் இல்லை. இன்னொரு குறையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தா காலத்திலேயே எங்கள் குடும்பம் சபைக்கு வந்துவிட்டது. உங்களைப்போல் நானே முடிவெடுத்து, அதற்காக அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றதில்லை. நின்றவர்களின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அப்பாவின் நோயை எடுத்துக்கொள்வோம். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை: நீங்கள் காரணம் இல்லை. சித்தியும் ஜெபக்கூட்டத்துக்காரரும் எதிரெதிர்க் கட்சி போலத் தெரிந்தாலும், இருவரும் போடுவது ஒரே கணக்கு. மகள் செய்ததற்குத் தகப்பன் உடம்பில் பலன் என்கிற கணக்கு. பிறவிக் குருடனைக் காட்டி, "இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா?" என்று சீடர்கள் கேட்டபோது இயேசு அந்தக் கணக்கையே தள்ளிவிட்டார் (யோவான் 9). யோபுவின் நண்பர்கள் அத்தியாயம் அத்தியாயமாக அதையே பேசினார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது யோபுவை அல்ல, அவர்களைத்தான். நீங்கள் நர்ஸ். அப்பாவின் பிரஷர் எத்தனை வருஷமாக எவ்வளவு இருந்தது, மாத்திரையை எத்தனை நாள் விட்டுவிட்டு வயலுக்குப் போனார் என்பது வீட்டிலேயே உங்களுக்குத்தான் தெளிவாகத் தெரிந்திருக்கும். அடுத்தவர் வீட்டு நோயாளியிடம் நீங்கள் சொல்லாத ஒரு காரணத்தை உங்கள் வீட்டு நோயாளிக்கு ஏன் ஏற்றுக்கொள்கிறீர்கள்? அவர் எழுந்து நடப்பாரா என்பது மட்டும் நிச்சயம் சொல்ல முடியாத விஷயம். ஜெபியுங்கள், கூடவே பிசியோதெரபியையும் விடாதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாராவது விசுவாசத்தின் பெயரால் சொன்னால், அந்தக் கூட்டத்துக்கு அதன்பிறகு போகாதீர்கள்.

விசுவாசத்தை விட்டவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பினால் விட்டவர்கள் அதில் கொஞ்சம் பேர்தான். துன்பத்துக்குத் தப்பான காரணம் சொல்லப்பட்டு, அதைத் தனியாகச் சுமந்து, ஒருநாள் சுமக்க முடியாமல் இறக்கி வைத்தவர்கள்தான் அதிகம். 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மறுநாள் ராத்திரி வருஷ முடிவு ஆராதனை. கரண்ட் இல்லை. ஆலயத்தின் ஓடு பாதி பறந்துவிட்டது, மெழுகுவத்தியைப் பாதி வெட்டிய தண்ணீர் பாட்டிலுக்குள் வைத்துத்தான் காற்றுக்கு மறைத்தோம். ஒரு முந்திரி விவசாயி வந்தார். வருஷா வருஷம் அந்த ராத்திரியில் சாட்சி சொல்ல முதலில் எழுந்திருக்கிறவர் அவர். கை முழுக்க ரம்பம் பிடித்த காயம். வாசலிலேயே என்னை நிறுத்தி, "ஐயா, தோத்திரம் சொல்ல வாய் வரலை. உக்காந்துட்டு மட்டும் போறேன்" என்றார். உட்காருங்கள் என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் இருந்தது நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஏனென்றால், வாலிப வயதில் ஒரு சாவு வீட்டில், கடவுள் காரணமில்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டார் என்று சொல்லி, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்னைப் பார்த்த பார்வையை வாங்கியவன் நான்.

அந்த மனிதர் கிட்டத்தட்ட ஒரு வருஷம் வந்தார். பாட மாட்டார், ஜெபத்தில் வாய் திறக்க மாட்டார், திருவிருந்துக்கு எழுந்து வருவார், கையை நீட்டுவார், போய்விடுவார். ஒரு ஞாயிறு 88-ஆம் சங்கீதத்தை வாசிக்க அவரையே கூப்பிட்டேன். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியோ ஒரு நம்பிக்கையிலோ நன்றியிலோ போய் முடியும். இது கடைசி வரியிலும் இருட்டாகவே நின்றுவிடும். வாசித்துவிட்டு, "இதுவும் பைபிள்லதான் இருக்கா?" என்று என்னைக் கேட்டார். அன்றைக்குத்தான் ஒரு பாட்டில் அவர் குரல் கேட்டது. முந்திரிக் கன்று வைத்தால் காய்க்க மூன்று நான்கு வருஷம், பலாவுக்கு அதைவிட அதிகம். கன்று வைத்து அவர் காத்திருந்த வருஷங்களில் யாரும் அவரிடம் எந்தக் காரணமும் சொல்லவில்லை. உங்களிடம் நான் சொல்லவருவது இதுதான்: பிடித்துக்கொள்வது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது என்று நினைத்துவிடாதீர்கள். பாட முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களுக்காக வேறு யாராவது பாடுகிற இடத்தில் போய் உட்காருவதும் பிடித்துக்கொள்வதுதான்.

இனி அம்மா. பண்ருட்டிப் பெண்ணுக்குத் திருவதிகைக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் அதை அம்மாவின் பக்கத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். பக்கத்துத் திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமணத்துக்குப் போய்த் தருமசேனர் ஆகிறார். அக்கா திலகவதியார் திருவதிகைக் கோயிலில் வாசல் கூட்டிக்கொண்டு, தம்பி திரும்பி வர வேண்டும் என்று சிவனிடம் மன்றாடுகிறார். தம்பிக்குச் சூலை நோய் வருகிறது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. அக்காவிடமே வருகிறார், அக்கா திருநீறு கொடுக்கிறார், நோய் தீர்கிறது. அவர்தான் அப்பர். மதம் மாறினால் நோய், திரும்பினால் குணம் என்கிற அந்தக் கணக்கு உங்கள் சித்தியின் வாயில் ஆகாயத்திலிருந்து வந்து விழவில்லை பார்த்தீர்களா. அந்த மண்ணில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகச் சொல்லப்படுகிற கதை அது. உங்கள் அம்மா திருநீற்றுத் தட்டோடு உங்கள் முன்னால் நிற்கும்போது தன்னை எதிரியாக நினைத்து நிற்கவில்லை, திலகவதியாராக நிற்கிறார். அதே கதையின் மறுபாதியும் நம் ஊரில்தான் நடக்கிறது. சிவனிடம் திரும்பியதற்காகப் பல்லவ ராஜா அப்பரை நீற்றறையில் அடைத்து, விஷம் கொடுத்து, கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் போட, அவர் மிதந்து கரையேறியது திருப்பாதிரிப்புலியூரில் என்பார்கள். கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் இடமே உண்டு. ஆக, துன்புறுத்தினாலும் நம்பிக்கையை விடாமல் நிற்பது என்றால் என்ன என்று உங்கள் அம்மாவுக்கு நீங்கள் கற்றுத்தர வேண்டியதே இல்லை. ஒருநாள், சண்டை இல்லாத நேரத்தில், "அப்பர் ஏம்மா விடலை?" என்று கேட்டுப் பாருங்கள். வாதத்துக்காக அல்ல. அவர் என்ன சொல்கிறாரோ அதைக் கேட்பதற்காக.

எதிர்ப்பு எல்லாவற்றையும் உபத்திரவம் என்று அழைக்கும் பழக்கம் நம் மேடைகளில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அம்மா அழுவது உபத்திரவம் இல்லை, துக்கம். பேசாமல் இருப்பது கோபம். உங்கள் சம்பளத்தைப் பிடுங்குவது, போனைப் பறித்து அறையில் அடைப்பது, அடிப்பது, கேட்காமல் கல்யாணத்துக்கு நாள் குறிப்பது, இவைதான் வேறு வகை. அதில் ஏதாவது ஒன்று நடந்தால் நான் கீழே சொல்கிற பொறுமை எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. 181 பெண்கள் உதவி எண். அவசரம் என்றால் 112. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் வருஷச் சட்டம் கணவனிடமிருந்து மட்டுமல்ல, பிறந்த வீட்டில் நடக்கும் வன்முறையிலிருந்தும் காக்கும். ஒரு ஊரில் துன்பப்படுத்தினால் மறு ஊருக்கு ஓடிப்போங்கள் என்று சொன்னவரே இயேசுதான் (மத்தேயு 10:23). ஓடுவது அவிசுவாசம் ஆகாது.

அந்த நிலை இல்லை என்றால், வீட்டை விட்டு வருவதற்கு அவசரப்படாதீர்கள். என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். ஊழியத்துக்கு வந்த புதிதில், உங்கள் வயதில் ஒரு பையன் வந்து, வீட்டில் இருக்க முடியவில்லை ஐயா என்றான். தைரியமாக வெளியே வா என்று சொன்னேன். சபையில் கைதட்டினார்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு அறை பார்த்துக் கொடுத்தோம். முதல் மாதம் வீட்டுக்கு வீடு கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள், இரண்டாம் மாதம் நான்கைந்து வீடு, மூன்றாம் மாதம் எங்கள் வீடு மட்டும். தீபாவளி அன்று அந்த அறையில் அவன் தனியாக இருந்திருக்கிறான். எனக்கு அது தோன்றவே இல்லை, எங்களுக்கு அது பண்டிகை இல்லாத சாதாரண நாள். பொங்கலுக்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். ஆலயத்துக்கு அப்புறம் வரவில்லை. அவன் விசுவாசம் எதிர்ப்பில் தோற்கவில்லை, எங்கள் மறதியில்தான் தோற்றது. அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அடுத்த தீபாவளிக்கு உனக்குச் சோறு போடப்போவது யார், பெயர் சொல். உங்களால் இரண்டு பெயராவது சொல்ல முடியாதவரை வார நாட்களில் புதுச்சேரி விடுதி, விடுமுறைக்கு வீடு என்ற இப்போதைய ஏற்பாடே நல்லது. அப்பாவைக் குளிப்பாட்டத் தெரிந்த ஒரே ஆளும் அந்த வீட்டில் நீங்கள்தானே.

ஞானஸ்நானம் பற்றி: எடுக்கலாமா என்பதல்ல, எப்போது என்பதுதான் கேள்வி. அதில் தேதி சொல்ல நான் யார்? ஆனால் ஞானஸ்நானத்தை மறைத்துப் பழைய சாதிச் சான்றிதழையே வைத்துக்கொள்ளலாமா என்றால் நேராகவே சொல்கிறேன், வேண்டாம். 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அப்படி மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். புதுச்சேரியில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண், அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போட்ட வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆலயத்துக்குப் போய்க்கொண்டே வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்றது தீர்ப்பு. சேரியில் பிறந்தவன் சிலுவை போட்டுக்கொண்டால் ஊர் அவனை வேறு மாதிரி நடத்திவிடுமா என்ன? இந்த விதி அநியாயம் என்பது என் கருத்து. ஆனாலும் இன்றைய சட்டம் இதுதான். உங்கள் படிப்பு, வேலை வாய்ப்பு, தம்பி தங்கைகளின் நிலை எல்லாவற்றையும் ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து பேசிவிட்டு, விலை தெரிந்து முடிவு செய்யுங்கள். கோபுரம் கட்ட உட்காருகிறவன் முதலில் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசு சொன்னதை நம் ஆட்கள் பிரசங்கத்தில் அவ்வளவாக எடுப்பதில்லை.

சபைக்குள் வந்தால் சாதி போய்விடும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அதையும் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கிறதே சம்பா கோயில் என்கிற கத்தோலிக்கப் பேராலயம், அதன் பழைய கட்டடத்துக்குள்ளேயே ஒரு காலத்தில் சாதிக் கிறிஸ்தவரையும் ஒடுக்கப்பட்டவரையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 1745-ல் ஒடுக்கப்பட்டவர்கள் போய்ப் பெரிய குருவிடம் நியாயம் கேட்டு அதை எடுக்க வைத்ததை, அந்தக் காலத்துப் புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதற்கு நூறு வருஷம் கழித்து எங்கள் லுத்தரன் மிஷனிலும் அதே வழக்கு. சாதியை அனுமதிக்கலாமா என்ற சண்டையில்தான் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மன் மிஷனரி லைப்சிக் மிஷனை விட்டு விலகி, மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக ஊழியத்தைத் தொடங்கினார். இன்றைக்குச் சுவர் இல்லை. கல்லறைத் தோட்டத்திலும் கல்யாணப் பேச்சிலும் கோடு இருக்கிற இடங்கள் உண்டு. அம்மாவிடமிருந்து வருகிற எதிர்ப்பைவிட இந்த எதிர்ப்புதான் உங்களை அதிகம் நோகச் செய்யும், ஏனென்றால் நீங்கள் அதை எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

மறுதலிப்பு பற்றிய பயத்துக்கு வருகிறேன். கி.பி. 250-ல் ரோமச் சக்கரவர்த்தி டேசியஸ், எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். கிறிஸ்தவர்களில் பலர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரத்துப் பேராயர் சிப்ரியான் ஒளிந்துகொண்டார், அதற்காகப் பேச்சும் வாங்கினார். துன்புறுத்தல் அடங்கியபின், விழுந்தவர்களை இனி சேர்க்கவே கூடாது என்று ஒரு கூட்டம் நின்றது. மனந்திரும்பினால் சேர்க்கத்தான் வேண்டும் என்று நின்றவர்களில் ஒருவர் அதே சிப்ரியான். 258-ல் அடுத்த துன்புறுத்தலில் அவர் ஓடவில்லை. தலை வெட்டப்பட்டுச் செத்தார். கோழி கூவுவதற்கு முன் மூன்று முறை மறுதலித்த பேதுருவுக்குக் கடற்கரையில் மீன் சுட்டுக் கொடுத்தவரைத்தான் நாம் ஆண்டவர் என்கிறோம். ஆகவே வீட்டுக் கூடத்தில் ஒருநாள் பயந்துபோய் ஏதோ சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

அம்மா சமைத்ததைச் சாப்பிடலாமா என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை, சாப்பிடுங்கள். படையல் சோறு, திருநீறு, பொட்டு, விளக்கு என்று வரும்போது கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒருமித்த பதில் கிடையாது. பொட்டு வைக்கும் சபைகளும் உண்டு, பூ வைத்தாலே முகம் சுளிக்கும் சபைகளும் உண்டு. எனக்குப் பிடித்தது சீரியப் படைத்தலைவன் நாகமானின் கதை (2 இராஜாக்கள் 5). குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் கடவுளை நம்பிய பிறகு, "என் ராஜா ரிம்மோன் கோயிலுக்குப் போகும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டிவரும், அதை மட்டும் மன்னிக்க வேண்டும்" என்று எலிசாவிடம் கேட்கிறான். எலிசா சட்டம் பேசவில்லை, சமாதானத்தோடு போ என்று அனுப்பிவிட்டார். அதை அனுமதி என்பாரும் உண்டு, பதில் சொல்லாமல் விட்டது என்பாரும் உண்டு. நான் முதல் கட்சி, ஆனால் என் கட்சி உங்கள் மனச்சாட்சிக்கு மேலே இல்லை.

விளக்குக்கு மட்டும், நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு மருமகள் செய்ததைச் சொல்கிறேன். மாமியார் ஏற்றச் சொல்வார், இவருக்கு மனம் ஒப்பாது. வாரம் தவறாமல் வியாழக்கிழமை ராத்திரியே குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கி, துடைத்து, திரி திரித்து, எண்ணெய் ஊற்றி வைத்துவிடுவார். தீப்பெட்டியை மாமியார் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். முதல் சில மாதம் மாமியார் திட்டிக்கொண்டே ஏற்றினார், அப்புறம் திட்டாமல் ஏற்றினார். பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. மாமியார் கடைசிவரை சிவபக்தைதான். கண் மங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகளின் பைபிள் எங்கே இருக்கிறது என்று தடவி எடுத்துப் பையில் வைத்து, "மணி ஆயிடுச்சு, கிளம்பு" என்பாராம்.